குடியம் காட்டுக்குள் சைக்கிள் எதற்கு?

1

“சைக்கிள் புகை விடாது. ஹாரன் அடிக்காது. பெட்ரோல் கேட்காது. அதைக் காட்டுக்குள்ள விட்டா என்ன தப்பு?”

சென்னையின் மேற்குப் புறநகரில் கியர் சைக்கிள் வைத்திருக்கிற யாரோடு பேசினாலும் பேச்சு கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும். நான் குடியிருக்கும் திருநின்றவூரிலிருந்தும், ஆவடியிலிருந்தும், பட்டாபிராமிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சின்னச் சின்னக் குழுக்களாகக் கிளம்புகிறார்கள். திருவள்ளூர் தாண்டி பூண்டி நீர்த்தேக்கம் வரை தார் ரோடு. அதற்கு அப்பால் அல்லிக்குழி மலை, காப்புக்காடு, குடியம் கிராமம். கிராமத்திலிருந்து குகைகளுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை சரளைக்கல்லும் முள்புதரும் ஏற்ற இறக்கமுமாக இருக்கிறது. மவுண்டன் பைக் வாங்கியவன் கனவில் வருகிற பாதை அப்படியே இதுதான். அதை சைக்கிளுக்குத் திறந்துவிட வேண்டும் என்பதுதான் நம்மில் பலருடைய ஆசை.

நானும் சைக்கிள்காரன்தான். வாரத்தில் ஐந்து நாள் திரைக்கு முன்னால் உட்கார்ந்து கோடு எழுதுகிறவனுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதை நினைவூட்டுகிற ஒரே சாதனம் சைக்கிள். ஆனாலும் இந்த விஷயத்தில் என் பதில், கூடாது. குடியம் காட்டுப் பாதையில் மட்டுமில்லை, தமிழ்நாட்டின் எந்தக் காப்புக்காட்டு ஒற்றையடிப் பாதையிலும் சைக்கிள் கூடாது. வனத்துறைக்கு வக்காலத்து வாங்குவதற்காக இதை எழுதவில்லை. அவர்களிடம் கேட்க வேண்டியதையும் கேட்பேன். முதலில் நம் ஆட்களோடு பேசிவிடலாம்.

2

இந்த விளையாட்டு எங்கே பிறந்தது என்பதிலிருந்து தொடங்கினால் சண்டை புரியும். 1970-களின் நடுவில், கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில், சில இளைஞர்கள் பழைய கனமான சைக்கிள்களைத் தூக்கிக்கொண்டு மலை உச்சிக்குப் போய், மண் பாதையில் தலைதெறிக்க இறங்கினார்கள். இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர பிரேக் ஹப்பில் இருக்கிற கிரீஸ் எல்லாம் சூட்டில் ஆவியாகிவிடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனாலேயே 1976-இல் தொடங்கிய அந்தப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி, டாம் ரிச்சி என்று இன்று சைக்கிள் கடையில் பக்தியோடு உச்சரிக்கப்படும் பெயர்கள் எல்லாம் அந்த வட்டாரத்தைச் சேர்ந்தவை. 1981-இல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் வந்தது. தொழிற்சாலையில் மொத்தமாகத் தயாராகி விற்பனைக்கு வந்த முதல் பெரிய மாடல் அதுதான். அதோடு விளையாட்டு சந்தையானது.

அதற்கெல்லாம் முன்பே, 1964-இல், அமெரிக்காவில் ‘வில்டர்னெஸ் ஆக்ட்’ வந்துவிட்டது. மனிதன் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், தங்கக் கூடாது என்று சில நிலங்களை ஒதுக்கிய சட்டம். மோட்டார் கூடாது, மோட்டாரோடு சேர்த்து ‘எந்திரப் போக்குவரத்தின் வேறெந்த வடிவமும்’ கூடாது என்றது. சைக்கிள் எந்திரமா இல்லையா? 1984-இல் அமெரிக்க வனத்துறை தன் விதியைத் திருத்தி சைக்கிளின் பெயரையே சொல்லித் தடுத்தது. 2016 முதல் அந்தத் தடையை நீக்க அங்கே மசோதாக்கள் வந்தன. சுவாரசியம் என்னவென்றால், 2017-இல் சர்வதேச மவுண்டன் பைக்கிங் சங்கமே, அதாவது சைக்கிள்காரர்களின் மிகப் பெரிய அமைப்பே, அந்தச் சட்டத்தில் கை வைக்க வேண்டாம் என்றது.

“அது அமெரிக்கா, நமக்கென்ன?” என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஆள் இல்லாத ‘தூய’ வனம் என்ற அமெரிக்கக் கருத்தை இந்தியாவில் நட்டால் ஏழைகளைத்தான் வெளியே தள்ளும் என்று ராமச்சந்திர குஹா 1989-லேயே எழுதிவிட்டார். அந்த விமர்சனம் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அதை மேற்கோள் காட்டும் சைக்கிள்காரர் ஒன்றைக் கவனிப்பதில்லை. குஹா பேசியது விறகுக்கும் தேனுக்கும் மேய்ச்சலுக்கும் காட்டுக்குள் போகிறவர்களைப் பற்றி. கார்பன் ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு போகிற நம்மைப் பற்றி இல்லை.

3

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஆய்வுகள். அதை ஒளிக்க வேண்டியதில்லை. 1994-இல் அமெரிக்காவின் மொன்டானாவில் வில்சன், சீனி என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஈரமான பாதையில் சக்கரத்தைவிடக் குளம்பும் காலும்தான் அதிக மண்ணைப் பெயர்க்கின்றன என்பது அதன் முடிவு. 2003-இல் உட்டாவின் ஆன்டிலோப் தீவில் டெய்லர், நைட் செய்த ஆய்வில், நடப்பவரைக் கண்டாலும் சைக்கிள்காரரைக் கண்டாலும் விலங்குகளின் எதிர்வினையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இந்த இரண்டையும் சைக்கிள்காரர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். 2009-இல் வெளியான ஆரிகன் ஆய்வை மட்டும் சொல்ல மாட்டார்கள். அங்கே எல்க் மான்கள் நான்கு சக்கர மோட்டார் வண்டிக்கு அதிகம் மிரண்டன. அடுத்த இடம் மவுண்டன் பைக்குக்கு. நடப்பவரும் குதிரைக்காரரும் அதற்குப் பிறகுதான்.

ஆய்வுக்கு ஆய்வு என்று அடித்துக்கொள்வதைவிட, நம் தொழில் கற்றுக்கொடுத்த ஒரு பாடத்தை இங்கே போட்டுப் பார்க்கலாம். ஒரு ரிக்வெஸ்டுக்கு சர்வர் சாகாது. ‘ஒரு முறை கடந்தால் எவ்வளவு சேதம்’ என்பது லோட் டெஸ்ட் ஆகாது. ஒரு காலை நேரத்தில் மூன்று கிலோமீட்டர் உள்ளே போகிற நடைக்காரர் போகும் தூரத்தைப்போல் மூன்று மடங்கை சைக்கிள்காரர் அதே நேரத்தில் போய்விடுவார். அவரால் மிரளும் விலங்கின் பரப்பும் அதே விகிதத்தில் கூடும். சைக்கிளின் சிறப்பே தூரத்தைச் சுருக்குவதுதானே? நகரத்தில் அது வரம். காட்டைப் பொறுத்தவரை தூரம்தான் அதன் கடைசிப் பாதுகாப்பு. உள்ளே போகப் போகக் கால் வலிக்கும், தண்ணீர் தீரும், பெரும்பாலானவர்கள் திரும்பிவிடுவார்கள். அந்தக் கால்வலிதான் இதுவரை பல காடுகளைக் காப்பாற்றியது.

இதன் மேல் ஸ்ட்ராவா வந்து உட்கார்கிறது. 2018 ஜனவரியில் அந்தச் செயலியின் வெப்ப வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்த ராணுவ முகாம்களையே கண்டுபிடித்தார்கள். ராணுவமே ஒளிய முடியாத இடத்தில் ஒரு காட்டுப் பாதை எப்படி ஒளியும்? ஒருவர் போய் வந்த ஜிபிஎஸ் தடம் பதிவேறினால் போதும். அது அடுத்த வாரம் ‘ரூட்’, அடுத்த மாதம் ‘செக்மென்ட்’. செக்மென்ட் ஆனதும் முதலிடம், இரண்டாமிடம் என்று பட்டியல். பட்டியல் வந்தால் பந்தயம். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. மென்பொருளின் வடிவம் அப்படி. இப்படிப்பட்ட வடிவங்களைக் கட்டித்தான் நம்மில் பலர் சம்பளம் வாங்குகிறோம், அதனால் தெரியாது என்று நாம் சொல்ல முடியாது. ஒரு கோடிப் பேர் வாழும் நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் எட்டக்கூடிய காடு குடியம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

வேகத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2016 ஜூனில் மொன்டானாவில் பனியாற்றுத் தேசியப் பூங்காவுக்கு அருகே மவுண்டன் பைக்கில் வந்த ஒருவர் வளைவில் கிரிஸ்லி கரடி மீது மோதினார். கரடி அவரைக் கொன்றது. அவர் வனத்துறையிலேயே அதிகாரியாக இருந்தவர், காடு தெரிந்தவர். விசாரணைக் குழுவின் கணக்குப்படி கரடியைப் பார்த்தபின் அவருக்குக் கிடைத்தது ஓரிரு வினாடிதான். நம்ம ஊர்க் காட்டில் கிரிஸ்லி இல்லை. ஆனால் வளைவுக்கு அந்தப் பக்கம் தலையில் விறகுக் கட்டோடு ஒரு அம்மா வரலாம். மாட்டை ஓட்டிக்கொண்டு ஒரு பையன் வரலாம். அவர்களுக்கும் அதே ஓரிரு வினாடிதான்.

4

குடியத்துக்கென்று தனிக் காரணம் ஒன்று இருக்கிறது. மற்ற எல்லாக் காரணத்தையும் தள்ளுபடி செய்தாலும் இதைத் தள்ள முடியாது.

1863 மே 30-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். பூண்டிக்குப் பக்கம்தான், குடியத்திலிருந்து எட்டிவிடும் தூரம். சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் 1999 முதல் அங்கே செய்த அகழாய்வுகளால் அந்த இடம் உலக வரைபடத்தில் ஏறியது. 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த கட்டுரை அங்குள்ள பழைய கருவிகளுக்குப் பதினைந்து லட்சம் ஆண்டு வயது சொன்னது. 2018-இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது, இடைப் பழங்கற்காலத் தொழில்நுட்பம் அங்கே சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்றது. குடியம் குகையில் 1962-64-இல் தொல்லியல் துறை சார்பில் கே.டி.பானர்ஜி அகழாய்வு செய்திருக்கிறார்.

இந்த மலைகளின் கூழாங்கற் பாறைதான் அந்த ஆதி மனிதர்களுக்கு மூலப்பொருள். அதனால் இங்கே கல்லாயுதம் என்பது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற பொருள் மட்டும் கிடையாது. இந்த வட்டாரத்தில் அது தரை மேலேயே கிடக்கும், சரளையோடு சரளையாக. பழக்கமில்லாத கண்ணுக்கு வெறும் கல். தொல்லியலில் ஒரு கருவி எங்கே, எந்த மண் அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் பாதிச் செய்தி. இடம் மாறிய கருவி, பக்க எண் கிழிந்து போன புத்தகத் தாள்.

மவுண்டன் பைக் இறக்கத்தில் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். பின்சக்கரம் பூட்டும், கட்டை டயர் மண்ணைக் கீறும், வளைவில் சரளை தெறிக்கும். கீறிய தடத்தில் வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் ஓடையாய் இறங்கும். கடைகளில் இதையே விளம்பரமாகப் போடுகிறார்கள். மற்ற காட்டில் இதை மண்ணரிப்பு என்று சொல்லி வாதாடலாம், ஆய்வு காட்டலாம். இங்கே அரிபடுவது பதினைந்து லட்சம் ஆண்டு ஆவணம். மறுபடி முளைக்க அது புல் இல்லை. நடப்பவரின் காலும் கல்லை நகர்த்தும்தான். ஆனால் நடப்பவர் குனிந்து பார்க்கிற வேகத்தில் போகிறார். வழிகாட்டி ‘அதை எடுக்காதீங்க சார்’ என்று சொன்னால் காதில் விழும் வேகத்தில் போகிறார்.

5

வழிகாட்டி என்றதும் ஞாபகம் வருவது குரங்கணி. 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள், சென்னையிலிருந்தும் கொங்குப் பக்கத்திலிருந்தும் வார இறுதிக்குப் போனவர்கள். அதன்பின் அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 வழித்தடங்களை இணைய முன்பதிவோடு திறந்தது. குடியம் குகைகள் அதில் ஒன்று. பழங்குடி, வனவோரக் கிராமங்களைச் சேர்ந்த இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார்கள்.

இந்தத் திட்டத்தில் குறை சொல்ல நிறைய உண்டு. ஆனால் அதன் அடிப்படைக் கணக்கு சரி: நகரத்தான் காட்டுக்குள் போனால், அந்தக் காட்டு ஆள் ஒருவர் கூடவே நடப்பார், அவருக்கு அதில் கூலி கிடைக்கும். சைக்கிள் இந்தக் கணக்கை உடைக்கிறது. நடந்து வரும் வழிகாட்டியை சைக்கிள் பத்தாவது நிமிடத்தில் பின்னால் விட்டுவிடும். அவருக்கும் ஒரு மவுண்டன் பைக் வாங்கிக் கொடுப்போம் என்பீர்களா? உங்கள் பைக்கின் விலை அவருக்கு எத்தனை மாதக் கூலி என்று கணக்குப் போட்டுவிட்டுச் சொல்லுங்கள். கையில் ஜிபிஎஸ், காலில் வேகம் இருக்கிறவனுக்கு வழிகாட்டி ஒரு தடங்கல். அந்தத் தடங்கல்தான் அந்தக் கிராமத்துக்குக் காட்டிலிருந்து வரும் மிகச் சில வருமானங்களில் ஒன்று.

இன்னும் கொஞ்சம் பின்னால் போவோம். திருவள்ளூர் மாவட்டம் இருளர்கள் நிறைய வாழும் மாவட்டம். காடு அவர்களுக்குக் கடை, மருந்தகம், வேலையிடம். 1882-ஆம் ஆண்டு வனச் சட்டம் அதைக் ‘காப்புக்காடு’ ஆக்கி, உள்ளே போவதையே குற்றமாக்கியது; அந்தச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், தொடர்ந்து பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் வந்தபோது பாம்பு பிடித்த இருளர்களின் பிழைப்பு ஒரே அடியில் போனது. 1978-இல் விஷம் எடுக்கும் கூட்டுறவுச் சங்கம் வந்து சிலரைக் காப்பாற்றியது. பலர் செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் போனார்கள். இந்த மாவட்டத்தில் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டவர்களில் இருளர்கள் எத்தனை பேர் என்று செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் தெரியும். 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்தும், தமிழ்நாட்டில் பட்டா கொடுப்பது வழக்கில் சிக்கி, 2016-இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கும்வரை நகரவில்லை.

அந்தச் சட்டங்கள் எல்லாம் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பாம்புத்தோல் வியாபாரம் நின்றது நல்லதே. ஆனால் விலை யார் கொடுத்தார்கள்? ‘காட்டைக் காக்கணும், நீ வெளியே இரு’ என்று ஒரு சமூகத்திடம் நூற்றைம்பது ஆண்டுகளாகச் சொல்லிவிட்டு, இப்போது ‘ஞாயிற்றுக்கிழமை அட்ரினலின் வேணும், கதவைத் திற’ என்று நாம் கேட்டால் அதற்குப் பெயர் சாகசம் இல்லை. விறகுக் கட்டோடு வந்தால் வழக்கு, ஹெல்மெட்டோடு வந்தால் சுற்றுலா. காப்புக்காட்டில் இனி ஏதாவது ஒரு உரிமை கூடுதலாகத் திறக்கப்படும் என்றால், வரிசையில் நமக்கு முன்னால் ஆள் நிற்கிறார்கள்.

6

“நான் பார்க்காத காட்டை நான் ஏன் காப்பாத்தணும்? உள்ளே விட்டால்தானே பாசம் வரும்?” இது நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் வாதம். வரலாறு இதற்கு நேரெதிராகச் சாட்சி சொல்கிறது. 1970-களின் கடைசியில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக் கூடாது என்று ஆசிரியர்கள், மாணவர்கள், கவிஞர்கள் போராடினார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அந்தக் காட்டை மிதித்ததே இல்லை. ஆனாலும் 1984-இல் அது தேசியப் பூங்கா ஆனது.

திருநின்றவூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கவே தேவையில்லை. பூசலார் எங்கள் ஊர்க்காரர். கல்லும் மண்ணும் வாங்கக் காசில்லாமல் மனதுக்குள்ளேயே கோயில் கட்டியவர். காஞ்சியில் பல்லவன் கட்டிய கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்த அதே நாளில், சிவன் இந்தக் கோயிலுக்கே முதலில் போனார் என்று பெரியபுராணம் சொல்கிறது. ராஜா தேடி வந்து பார்த்தால் கோயிலையே காணோம். பக்தி உள்ளவர் பக்தியாக எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு அதில் கிடைப்பது இது: கால் வைக்காத, கை வைக்காத ஒன்றின் மேலும் மனிதனுக்கு முழுப் பிடிப்பு இருக்க முடியும். நாம்தான் ‘போனேன், பார்த்தேன், பதிவு போட்டேன்’ என்றால் ஒழிய ஒன்று இருப்பதாகவே நம்ப மறுக்கிறோம்.

7

“குவாரி லாரியை விட்டுட்டு சைக்கிளைப் பிடிக்கிறியே?” என்று கேட்பவர்களுக்கு: லாரியைப் பிடிக்க வேண்டும், கட்டாயம். இந்த மாவட்டத்தில் சவுடு மண் லாரி போகும் சாலையில் ஒரு நாள் சைக்கிள் ஓட்டினால் போதும், யார் பெரிய எதிரி என்று நுரையீரல் சொல்லும். ஆனால் பெரியவன் திருடுகிறான் என்பது சின்னவனுக்கு லைசென்ஸ் ஆகாது. மேலும் கதவு ஒருமுறை திறந்தால் சின்னவனோடு நிற்காது. அமெரிக்காவில் 2019-இல் உள்துறை அமைச்சகம் ஓர் ஆணை போட்டது: சாதாரண சைக்கிள் போகிற இடங்களில் மின்சார சைக்கிளும் போகலாம் என்று. ‘புகை விடாது’ என்ற அதே வாதம்தான், இப்போது மோட்டாரோடு.

வனத்துறைக்கும் ஒரு வார்த்தை. கொடியசைத்துத் தொடங்கி வைப்பதோடு வேலை முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை பேரை உள்ளே விடலாம் என்பதை எந்த அடிப்படையில் முடிவு செய்கிறீர்கள் என்று வெளியிடுங்கள். வழிகாட்டிகளுக்குக் கட்டணத்தில் எவ்வளவு போகிறது என்று சொல்லுங்கள். குடியம் வழிகாட்டிகளுக்குப் பறவைப் பெயரோடு கல்லாயுதத்தையும் கற்றுக்கொடுங்கள். பூண்டியிலேயே அரசுத் தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது. காட்டுக்கு வெளியே சொகுசு விடுதிக்கு ஒரு நியாயம், உள்ளே தேன் எடுக்கிறவருக்கு ஒரு நியாயம் என்று இருக்கும்வரை சைக்கிள்காரனைத் தடுக்க உங்களுக்குத் தார்மீக பலம் வராது.

சரி, நாம் எங்கே ஓட்டுவது? இதைத்தான் சேர்ந்து கேட்க வேண்டும் என்கிறேன். பக்கத்து அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கியது. இந்தியாவுக்கே சைக்கிள் செய்து கொடுத்த வட்டாரம் இது. இந்த வட்டாரத்தில் சைக்கிளுக்கென்று ஒரு கிலோமீட்டர் உருப்படியான பாதை உண்டா? கண்டலேறிலிருந்து பூண்டிக்குக் கிருஷ்ணா நீர் கொண்டுவரும் கால்வாய் தமிழ்நாட்டு எல்லைக்குள் மட்டும் சுமார் 25 கி.மீ. ஓடுகிறது. பூண்டியிலிருந்து செம்பரம்பாக்கத்துக்கு இணைப்புக் கால்வாய் போகிறது. கரையோரம் பராமரிப்புப் பாதை இருக்கும் இடங்களில் தண்ணீருக்குப் பாதுகாப்பு வேலி போட்டு ஒரு மண்தடம் அமைத்தால் போதும், ஏற்ற இறக்கம் வேண்டுமானால் செயற்கையாகவே போட்டுக்கொள்ளலாம். கைவிடப்பட்ட குவாரிகள் மாவட்டமெங்கும் பள்ளமாய்க் கிடக்கின்றன. மவுண்டன் பைக்குக்கு அதைவிடப் பொருத்தமான நிலம் எது? ஏற்கெனவே காயப்பட்ட நிலத்தில் விளையாடுவோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் சி.டி.எச். ரோடு. அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில், முதுகில் புத்தகப் பையோடு, லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் தினம் காலையில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் போகிறார்கள். ஓட்டும் உரிமை என்று நாம் பேசுவதானால் முதல் உரிமை அவர்களுடையது. ஆவடியிலிருந்து திருவள்ளூர் வரை அந்த ரோட்டின் இரு பக்கமும் சைக்கிளுக்கு ஒரு தடம் கேட்டு மனு எழுதுவோம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள். ஞாயிற்றுக்கிழமை ரைடுக்கு விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்திருக்கத் தெரிந்த நமக்கு, திங்கட்கிழமை பத்து மணிக்கு அங்கே போய் நிற்பது முடியாத காரியமா?